போகிறவர்களுக்கு மூன்று

பியற்றிஸை நான் முதலில் பார்த்தது நோயாளியாக அல்ல. விக்டோரியா கோச் ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் இருக்கும் ஒரு சின்னச் சீனச் சாப்பாட்டுக் கடையில், தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு கவுண்டரில் நின்றாள். பதின்மூன்று வருடங்களுக்கு முன்பு. பேர்மிங்ஹாமில் இருக்கும் என் மகன் வீட்டுக்கு நான் மாதத்தில் ஒரு தடவை கோச் என்கிற நெடுந்தூர பஸ்ஸில் போவேன். அன்று நல்ல மழை. ஸ்டேஷனுக்குள் உட்கார இடமில்லை. ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு நனையாமல் இருக்கலாம் என்று அந்தக் கடைக்குள் நுழைந்தேன்.

“கமிங் ஓர் கோயிங்?” என்று கேட்டாள். பிறகு என் நெற்றிப் பொட்டைக் கண்டுவிட்டுத் தமிழுக்கு மாறினாள். “வாறியளோ அக்கா, போறியளோ?”

“ஒரு தேத்தண்ணி வாங்கிறதுக்கு அதெல்லாம் சொல்லவேணுமோ?”

“சொன்னால்தான் தேத்தண்ணி. கவுன்சில் போம் நிரப்புறது மாதிரி எண்டு நினையுங்கோ.”

“பேர்மிங்ஹாமுக்குப் போறன்.”

“அப்பிடிச் சொல்லுங்கோவன். போற ஆக்களுக்கு மூண்டு.”

ஒரு சின்னத் தட்டில் மூன்று கொழுக்கட்டைகளை எடுத்தாள். சீன டம்ப்ளிங்தான், ஆனால் எனக்குக் கொழுக்கட்டையாகத்தான் தெரிந்தது. “இதுக்குக் காசில்லை. உள்ளுக்கை பன்றி. தின்னுவியளோ?”

“இல்லை.”

“அதுதானே பார்த்தன். முட்டையும் வெங்காயத்தாளும் வைச்சதும் இருக்கு.” தட்டை மாற்றித் தந்தாள். நான் தின்றேன். நன்றாக இருந்தது. கோச்சைப் பிடிக்க ஓடினேன்.

அந்தக் கடையின் முதலாளி திருமதி குவோ, சீனாவின் வடகிழக்கில் ஷென்யாங் என்ற குளிர்ப் பட்டினத்தைச் சேர்ந்தவர். அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டைவிட்டுப் புறப்படுகிற ஆளுக்கு டம்ப்ளிங் கொடுப்பார்கள். வந்து சேர்ந்த ஆளுக்கு நூடில்ஸ் கொடுப்பார்கள். டம்ப்ளிங்கின் வாய் மூடியிருக்கும்; போகிறவருக்கு எதுவும் சிந்தாமல் சிதறாமல் நல்லபடி முடிய வேண்டும் என்பது எண்ணம். நூடில்ஸ் நீளம்; வந்தவரின் காலைச் சுற்றிக்கொண்டு இங்கேயே இருத்திவிடும். பிரயாணிகள் மட்டுமே வருகிற கடை என்பதால் திருமதி குவோ இதைக் கடையின் முறையாகவே வைத்துவிட்டார். நீங்கள் என்ன வாங்கினாலும் சரி, முதலில் கேள்வி. போகிறவர் என்றால் மூன்று டம்ப்ளிங். வந்தவர் என்றால் ஒரு சின்னக் கோப்பை நூடில்ஸ்.

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. பியற்றிஸுக்கும் இல்லை. அவள் மன்னார் பேசாலைக் கத்தோலிக்கப் பெண். ஞாயிறு பூசையைத் தவறவிட மாட்டாள், தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி வாயில் வைக்க மாட்டாள். அவளுடைய நம்பிக்கைகளுக்கு அவளிடம் வேறு இடம் இருந்தது. ஆனால் பதினைந்து வருடம் ஒரு நாளைக்கு இருநூறு தடவை ஒரு கேள்வியைக் கேட்டால் அது உடம்புக்குள் போய்விடும்.

பொய் சொல்கிறவர்களை அவள் உடனே பிடிப்பாள். வந்து இறங்கியவர்களில் சிலர் டம்ப்ளிங்குக்கு ஆசைப்பட்டு, போகிறோம் என்பார்கள். “போற ஆள் மணிக்கூட்டைப் பார்க்கும் அக்கா. வந்த ஆள் போனில வழி காட்டுற மப்பைப் பார்க்கும். இவர் மப்பைப் பார்த்துக்கொண்டு லீட்ஸுக்குப் போறாராம்!” என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, அந்த ஆளுக்குச் சிரித்த முகத்தோடு நூடில்ஸை வைப்பாள். ஒருமுறை ஒரு போலந்துக்காரர், நான் வரவும் இல்லை போகவும் இல்லை, ஸ்டேஷனில்தான் படுக்கிறேன் என்றாராம். அவருக்கு இரண்டையும் கொடுத்திருக்கிறாள். அதன் பிறகு ஒரு கிழமை அவர் காலையில் வந்து கடை வாசலைக் கூட்டிவிட்டுப் போனார்.

அவளுடைய கணவர் செபஸ்தியாம்பிள்ளை அதே கடையில் பின்பக்கம் வேலை செய்தார். பாசையூர்க்காரர். முதலில் பெற்றோல் செட்டில் நின்றவரை, பியற்றிஸ்தான் இழுத்துவந்து திருமதி குவோவிடம் விட்டாள். மாப் பிசைவது, டம்ப்ளிங்குக்குத் தோல் தட்டுவது, நூடில்ஸ் இழுப்பது அவர் பொறுப்பு. முன்னால் வட்டக் கல்லில் பயற்றம்மாவைத் தோசைபோல் வார்த்து, முட்டையை உடைத்துப் பரப்பி, கருஞ்சாந்து பூசி, ஒரு பொரித்த மாத் தகட்டை உள்ளே வைத்து மடிக்கிற ஜியன்பிங் என்ற பலகாரத்தைத் திருமதி குவோ தன் கையாலேயே செய்வார். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். டம்ப்ளிங் மடிப்பதைப் பியற்றிஸுக்கு விட்டுக்கொடுத்தார். அதிலும் முதலில் சண்டை. சீனர்கள் மடிப்பு மடிப்பாக வைத்து மூடுவார்கள். பியற்றிஸ் எங்களுடைய பல்லுக்கொழுக்கட்டைக்குச் செய்வதுபோல ஓரத்தைப் பல்லுப் பல்லாக நுள்ளிவிட்டாள். இது என்ன, முதலை வாயா என்று குவோ கேட்டாராம். கொதிதண்ணீரில் போட்டுப் பாருங்கோ, ஒன்றாவது வாய் திறந்தால் நான் வேலையை விடுகிறேன் என்றாளாம் இவள். ஒன்றும் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடை டம்ப்ளிங்குக்குப் பல் இருந்தது.

செபஸ்தியாம்பிள்ளை அதிகம் பேச மாட்டார். “இவர் மாவோட கதைக்கிறதில பாதி என்னோட கதைச்சிருந்தால் நான் கவுண்டரில நிண்டு கண்டவனோட கதைச்சிருக்க மாட்டன்” என்பாள் பியற்றிஸ், அவர் காதில் விழும்படியாக. அவர் பின்னால் நின்று சிரிப்பார். பிள்ளைகள் இல்லை. காலை நாலரைக்கு இருவரும் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய், பின்னேரம் மூன்றுக்கு ஒன்றாகத் திரும்புவார்கள். வாழ்க்கை அவ்வளவுதான். அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

நோயை முதலில் கண்டுபிடித்தது வைத்தியர் இல்லை, கொதிதண்ணீர். ஒரு காலை பானையில் நாலைந்து டம்ப்ளிங் வாய் திறந்து, உள்ளே இருந்த இறைச்சியெல்லாம் மிதந்தது. அடுத்த நாள் பத்து. பியற்றிஸின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நுள்ளுகிற பலம் இல்லை. இரண்டு மாதத்தில் பேச்சுக் குழறியது. ஒரு வாடிக்கையாளர், இந்தப் பெண் காலையிலேயே குடித்திருக்கிறாள் என்று முறைப்பாடு செய்தார். திருமதி குவோ அவரை வெளியே போகச் சொல்லிவிட்டு, பியற்றிஸைத் தானே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனார். நரம்பு நோய். தசைகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வரும். புத்தியைத் தொடாது. மருந்து கிடையாது. நான் இந்த நோயோடு ஆறு பேரைக் கவனித்திருக்கிறேன். எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

நான் முப்பது வருடம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பராமரிக்கிற கெயரராக வேலை செய்தவள். ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசிக் குளிர்காலத்தில், தமிழ் தெரிந்த ஆள் வேண்டுமென்று சொல்லி ஏஜென்சி எனக்கொரு விலாசம் தந்தது. கதவைத் திறந்தவர் செபஸ்தியாம்பிள்ளை. கட்டிலில் இருந்தது பியற்றிஸ். என்னைக் கண்டதும் அவள் கண் சிரித்தது. அப்போது அவளால் பேச முடியாது, கையும் காலும் இயங்கவில்லை. கண் இருந்தது. ஒரு தடவை இமைத்தால் ஓம், இரண்டு தடவை இமைத்தால் இல்லை.

“என்ன பியற்றிஸ், நான் வாறனோ போறனோ எண்டு கேக்கேல்லையோ?” என்றேன்.

இரண்டு தடவை இமைத்தாள். அதில் ஒரு நையாண்டி இருந்தது. நான் அவளைக் கழுவி, உடுப்பு மாற்றி, திருப்பிப் படுக்கவைத்தேன்.

வயிற்றில் குழாய் போடுவதை அவள் முன்பே மறுத்துவிட்டாள். கையெழுத்துப் போட முடிந்த காலத்தில் போட்ட கடைசிக் கையெழுத்து அதற்குத்தான். ஆகவே வாயால்தான் சாப்பாடு. எல்லாவற்றையும் கட்டியில்லாமல் அரைத்து, வடித்து, கரண்டி நுனியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். பேச்சையும் விழுங்குவதையும் கவனிக்கிற பயிற்சியாளர் எழுதிக் கொடுத்த தாள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது. நெஞ்சில் சளி கட்டி அவள் ஒரு கிழமை வைத்தியசாலையில் இருந்துவிட்டு, தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முதல் நாள் வீட்டுக்கு வந்தாள். அன்று செபஸ்தியாம்பிள்ளை ஒரு கோப்பையில் ஏதோ வெள்ளையாக அரைத்துவைத்திருந்தார். சூப் என்று நினைத்தேன். முழுவதையும் சாப்பிட்டாள். அடுத்த நாளும் சாப்பிட்டாள். மூன்று கிழமை அப்படியே போனது.

பிறகு ஒரு காலை கரண்டியைக் கொண்டுபோனபோது வாயை மூடிக்கொண்டாள். அந்த நோயில் கடைசிவரை கொஞ்சம் பலம் தங்கியிருந்தது அவளுடைய உதடுகளில்தான். அந்தப் பலம் முழுவதையும் அதற்குச் செலவழித்தாள். மத்தியானம் தயிர் கொடுத்தேன், இரண்டு கரண்டி எடுத்தாள். மறுநாள் காலை அந்த வெள்ளைக் கோப்பை, மூடிய வாய். நான் பதிவுப் புத்தகத்தில், உணவை மறுத்தார் என்று எழுதினேன். எட்டு நாள் எழுதினேன். ஏஜென்சி டொக்டருக்கு அறிவித்தது. டொக்டர் சத்துப் பானம் எழுதினார். தாதி வந்து எடை பார்த்தார். ஒருவரும் கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அரைத்துவிட்டால் எல்லாச் சாப்பாடும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஒன்பதாம் நாள் எனக்கு முதல் வீட்டில் வேலை இல்லாமல் போய்விட்டது. அங்கிருந்த கிழவரை இரவே வைத்தியசாலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஆகவே வழக்கத்தைவிட முக்கால் மணி முன்னதாக வந்தேன். குசினிக்குள் செபஸ்தியாம்பிள்ளை நூடில்ஸ் இழுத்துக்கொண்டிருந்தார். மாவை இரண்டு கையிலும் பிடித்து, இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து. கடையில் செய்கிறதுபோலவே. கொதிதண்ணீரில் போட்டு, நீளக் குச்சியால் பதமாக எடுத்தார். ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை. அதை அப்படியே பிளெண்டருக்குள் சுருட்டி வைத்து, மரக்கறி ரசத்தை ஊற்றினார்.

“என்ன செபஸ்தி இது?” என்றேன். “அரைக்கப்போற சாமானுக்கு இவ்வளவு மினக்கெடுறீர்? பக்கற்றில வாறதைப் போட்டால் காணாதோ?”

“அது அறுந்துபோகும் அக்கா.”

“அரைச்சால் எல்லாம் அறுந்துதானே போகும்?”

அவர் பிளெண்டரை அழுத்தினார். அந்தச் சத்தத்தில் பேச முடியவில்லை.

அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. வந்த ஆளுக்கு நூடில்ஸ். வைத்தியசாலையிலிருந்து வந்தவளுக்கு முதல் நாள் கொடுத்தது சரிதான். அதை அவர் நிறுத்தவேயில்லை. ஒவ்வொரு காலையும் அவள் புதிதாக வந்து சேர்ந்ததுபோலக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேட்டேன்.

“பியற்றிஸ், உமக்குச் சாப்பாடு வேண்டாமோ?”

இரண்டு தடவை இமைத்தாள். இல்லை, அப்படியில்லை.

“நூடில்ஸ் வேண்டாம்?”

ஒரு தடவை.

கோப்பையைக் கீழே வைத்தேன். “டம்ப்ளிங் வேணுமோ?”

ஒரு தடவை. அதோடு நிறுத்தாமல் கண்ணை என் முகத்திலேயே வைத்திருந்தாள்.

செபஸ்தியாம்பிள்ளை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “அவவுக்கு நீங்கள் கேக்கிறது விளங்கேல்லை அக்கா” என்றார்.

“விளங்காதது அவவுக்கில்லை.”

அவர் பிளெண்டரைக் கழுவப் போய்விட்டார். குழாய் வெகுநேரம் ஓடியது.

இதற்குப் பிறகு நாலு நாள் அவர் என்னோடு பேசவில்லை. கோப்பை மட்டும் தவறாமல் தயாராக இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. நான் தயிர், அரைத்த வாழைப்பழம், சத்துப் பானம் என்று எதையாவது இரண்டு மூன்று கரண்டி கொடுத்தேன். அவள் எனக்காக விழுங்கினாள். அந்தக் கிழமை புதன்கிழமை பங்குச் சுவாமி வந்து, எண்ணெய் பூசிச் செபிக்கிற நோயில்பூசுதலைக் கொடுத்தார். தாதி செபஸ்தியாம்பிள்ளையை உட்காரவைத்து, இனி நாட்கள்தான் என்று சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டு, நாளைக்கு மா முடிந்துவிடும், கடைக்குப் போக வேண்டும் என்றார்.

வியாழக்கிழமை நான் குசினிக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

“செபஸ்தி, அவ கேட்டதை நீர் ஏன் செய்து குடுக்கிறீரில்லை?”

“அவவால விழுங்க ஏலாது. தாளில போட்டிருக்கு.”

“அரைச்சு வடிச்சு நான் குடுப்பன். அது என்ரை வேலை. தாளைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.”

மாப் பிசைந்த கையை அவர் துணியில் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். “அக்கா, அது போற ஆக்களுக்குக் குடுக்கிறது.”

“ஓம்.”

“நான் என்ரை கையால செய்து குடுத்தால், போ எண்டு நானே சொன்ன மாதிரியெல்லோ?”

நான் சுற்றிவளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. “நீர் குடுக்காட்டியும் அவ போவா. பசியோட போவா” என்றேன்.

அவர் அடுப்பைப் பிடித்துக்கொண்டார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கவுன்சில்காரர் குப்பைத் தொட்டிகளை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

“செய்யிறன்” என்றார். “ஆனால் நாளைக்கு வெள்ளிக்கிழமை. தவக்காலம். அவ வெள்ளியில இறைச்சி தொட மாட்டா. சனிக்கிழமை செய்யிறன். கடையிலதான் செய்யவேணும். குவோ அன்ரி போத்தலில புளிக்கவைச்ச முட்டைக்கோவா இல்லாமல் அந்த ருசி வராது.”

சரி என்றேன். அன்று அவள் கால் குளிர்ந்திருந்தது, ஆனால் முழங்காலில் நிறம் மாறவில்லை. மூச்சு இடைவெளி விடவில்லை. ஞாயிறு, திங்கள் வரை இருப்பாள் என்று கணக்குப் போட்டேன். முப்பது வருட அனுபவத்தில் போட்ட கணக்கு.

வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில்தான் எனக்கு நினைவு வந்தது. முட்டையும் வெங்காயத்தாளும் வைத்த டம்ப்ளிங் இருக்கிறது. நான் அதைத்தானே எப்போதும் தின்றேன். அதில் இறைச்சி இல்லை, வெள்ளிக்கிழமை தின்னலாம். இத்தனை வருடமும் அதற்கும் தோல் தட்டியவர் செபஸ்தியாம்பிள்ளை. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. வெள்ளிக்கிழமையைச் சொல்லி அவர் இன்னொரு நாளை வாங்கிக்கொண்டிருந்தார். தொலைபேசியை எடுத்தேன். பிறகு பைக்குள் வைத்துவிட்டேன். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். அந்த மனிதருக்கு ஒரு நாளைக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அது அவருடைய நாள் இல்லை, பியற்றிஸின் நாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் நூடில்ஸ் செய்யவில்லை. கட்டிலருகே கதிரையைப் போட்டு அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மத்தியானம் நான் போனபோதும் அப்படியே இருந்தார். என்னவோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. அவர் கடைக்குப் போகும்போது வீட்டில் ஆள் வேண்டுமே என்று நானாகப் போனேன். எட்டரைக்கு அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கட்டிலருகே வந்தார்.

“பியற்றிஸ், கடைக்குப் போட்டு வாறன். நீர் கேட்டதைச் செய்துகொண்டு வாறன். மூண்டும் சாப்பிடவேணும். பிறகு நான் செய்தது சரியில்லை எண்டு சொல்லக்கூடாது.”

ஒரு தடவை இமைத்தாள். அவளுடைய நெற்றி நாலைந்து கிழமைக்குப் பிறகு அன்றுதான் சுருக்கம் இல்லாமல் இருந்தது. அவர் கதவுவரை போய், திரும்பி வந்து போர்வையை இழுத்துவிட்டு, மறுபடி போனார்.

நான் அவளைக் கழுவினேன். வாயை ஈரப் பஞ்சால் துடைத்தேன். தலையை வாரி, பின்னி, பின்னலை முன்னால் விட்டேன். “இண்டைக்கு விசேஷச் சாப்பாடு. ஆயத்தமாய் இருக்கவேணுமெல்லோ” என்றேன். பத்து மணிக்கு மூச்சில் இடைவெளி விழுந்தது. முழங்காலைப் பார்த்தேன். நிறம் மாறியிருந்தது. முந்தைய நாள் மத்தியானத்திலேயே மாறத் தொடங்கியிருக்க வேண்டும், நான் போர்வையை விலக்கிப் பார்க்கவில்லை.

பிடித்துக்கொண்டிருக்கிற ஆள் எழுந்து போனதும் போகிறவர்கள் உண்டு. பல வீடுகளில் கண்டிருக்கிறேன். உறவினரிடம் எப்போதும் சொல்கிற விஷயம்தான். அன்று அதை எனக்கு நானே சொன்னேன், உதவவில்லை.

செபஸ்தியாம்பிள்ளையின் கைத்தொலைபேசிக்கு அழைப்பு எடுத்தேன். அடுத்த அறையில் மணி அடித்தது. மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கடையின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது பியற்றிஸ் ஒரு மூச்சை விட்டாள். அடுத்தது வரவில்லை. நான் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பத்து நாற்பது.

அதன் பிறகு கடைக்கு எடுத்தேன். திருமதி குவோ பேசினார். சொன்னேன். பின்னால் பாத்திரச் சத்தமும், யாரோ ஒரு வாடிக்கையாளர் சிரிப்பதும் கேட்டன. பிறகு கேட்டார்: “அவர் இன்னும் மடித்துக்கொண்டிருக்கிறார். கூப்பிடவா?”

அங்கிருந்து வீட்டுக்கு ஒரு மணி நேரம். கூப்பிட்டுச் சொன்னால் கையில் மாவோடு ரயிலில் தனியாக அந்த ஒரு மணி நேரத்தை அவர் இருக்க வேண்டும். எப்படி வந்தாலும் அவள் இருக்கப் போவதில்லை.

“வேண்டாம். முடித்துவிட்டு வரட்டும்” என்றேன்.

அது சரியா பிழையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் பன்னிரண்டேகாலுக்கு வந்தார். படியில் ஓடிவருகிற சத்தம் கேட்டது. துவாயில் சுற்றிய பெட்டியை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார். “சூடு ஆறேல்லை அக்கா” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், குளிருக்கு எப்போதும் சாத்தியிருக்கும் அறை ஜன்னல் திறந்திருப்பதைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். வேலை நேரத்தில் கழற்றாத கையுறை இல்லை.

“எப்ப?”

“பத்து நாற்பதுக்கு.”

பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார். “அப்ப நான் நாலாவதோ அஞ்சாவதோ மடிச்சுக்கொண்டிருந்திருப்பன்” என்றார். “ஓரம் நுள்ள வரேல்லை. ரெண்டு மூண்டு தரம் பிரிச்சு மடிச்சனான். அதுதான் சுணங்கிப்போச்சு.”

உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்தார். பெட்டி மடியில் இருந்தது. நான் கதவைச் சாத்திவிட்டு தாதிக்கும் பங்குச் சுவாமிக்கும் எடுத்தேன். ஒரு மணிக்குத் தாதி வந்து எழுதவேண்டியதை எழுதினார். மூன்று மணிக்குச் சவச்சாலைக்காரர் இரண்டு பேர் கறுப்புக் கோட்டுடன் வந்தார்கள். ஒருவர் நரைத்தவர், மற்றவர் இளையவர். ஒடுக்கமான படி, மெதுவாகத்தான் இறக்க வேண்டும் என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, செபஸ்தியாம்பிள்ளை குசினிக்குள் போனார். நீராவியில் பெட்டியைச் சூடாக்கினார். இரண்டு சின்னத் தட்டுகளில் மும்மூன்றாக எடுத்து நடைக்குக் கொண்டுவந்தார்.

“பிளீஸ்” என்றார். “யூ ஆர் கோயிங்.”

இளையவர், நாங்கள் வேலையில் இருக்கிறோம், மன்னியுங்கள் என்றார். நரைத்தவர் செபஸ்தியாம்பிள்ளையின் முகத்தை ஒருகணம் பார்த்தார். பிறகு கையுறைகளைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். இளையவரையும் பார்த்தார். அவரும் கழற்றினார். பியற்றிஸ் தூக்குகட்டிலில் அவர்களுக்கு நடுவில் இருக்க, இருவரும் நின்றபடி ஆறையும் தின்றார்கள். நரைத்தவர் தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, இது மிகவும் நன்றாக இருந்தது ஐயா என்றார். செபஸ்தியாம்பிள்ளை படியின் தலைப்பில் நின்று, வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை பார்த்தார்.

நான் கட்டில் விரிப்புகளை உருவி, மருந்துகளை எண்ணிப் பையில் போட்டு, பதிவுப் புத்தகத்தை ஏஜென்சிக்குக் கொடுக்க எடுத்துவைத்தேன். கோட்டைப் போட்டபோது என் முன்னால் ஒரு தட்டு வந்தது. மூன்று. ஓரம் பல்லுப் பல்லாக, ஆனால் ஒழுங்கில்லாமல். அவளுடையது அப்படி இருக்காது.

“இது பன்றி, அக்கா. எனக்குத் தெரியும் நீங்கள் தின்னிறேல்லை. வேறை செய்யேல்லை.”

நான் பன்றி தின்பதில்லை. அன்று தின்றேன். புளிச்ச முட்டைக்கோவாவின் ருசி நன்றாக ஏறியிருந்தது. ஒன்றுகூட வாய் திறந்திருக்கவில்லை.

பெட்டியில் இன்னும் மூன்று இருந்தன. காலையிலிருந்து அந்த மனிதர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. “நீர் சாப்பிடும் செபஸ்தி” என்றேன். “ஆறமுதல் சாப்பிடும்.”

அவர் பெட்டியை மூடினார்.

“நான் எங்கயும் போகேல்லையே அக்கா” என்றார்.

மூன்று தட்டுகளையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படியிறங்கினேன்.